வல்லுலோகப் பல்வாளும் அதனைச் செப்பனிட்டோரும்

கைத்தொழிற் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியொன்று எவ்வாண்டில் எவராற் காப்புரிமை பெறப்பட்டது, எந்நிறுவனம் அதனை முதலிற் சந்தைக்கு விட்டது என்பன விரிவாகக் கூறப்படும். அக்கருவி முறிந்தபோது அதனை மீண்டும் இயங்கச் செய்தோர் யாவர், எத்தகைய அறிவைக்கொண்டு அதனைச் செய்தனர், அதற்கென அவர்கள் கொடுத்த விலை யாது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. மரமரியும் ஆலைகளிற் பயன்படும் வல்லுலோக முனைகொண்ட வட்டவாள் இக்குறைபாட்டினை நன்கு புலப்படுத்தும் ஓர் உதாரணமாகும். பல் வேறாகவும் உடல் வேறாகவும் அமைந்த இவ்வாள், பழுதுபார்க்கப்படும் என்னும் எதிர்பார்ப்பிலேயே தன் வடிவத்தைப் பெற்றது. எனினும் அதுபற்றிக் கூறப்படும் வரலாற்றிற் பழுதுபார்ப்போனைக் காண்பதற்கில்லை.

சொற்கள் பற்றிய சிறு தெளிவொன்று இவ்விடத்து அவசியமாகின்றது. தமிழில் வாள் என்னும் ஒரு சொல்லே போர்க்கருவியையும் தச்சுக்கருவியையும் குறிக்கும்; இங்கு பேசப்படுவது தச்சனின் வாளாகும். காபைட்டு எனின் பலருக்கும் காய்களைப் பழுக்கவைக்கப் பயன்படும் கல்சியங் காபைட்டே நினைவுக்கு வரும். இங்கு கருதப்படுவது தங்குதன் என்னும் உலோகமும் காபனும் சேர்ந்த தங்குதன் காபைட்டாகும். அதன் நுண்துகள்களைக் கோபாற்று உலோகத்தாற் பிணைத்துப் பெறப்படும் பொருளே வல்லுலோகம் எனப்படுகின்றது.

வட்டவாளுக்கு இங்கிலாந்தின் சவுதாம்ரனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் என்பவர் 1777 இற் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் வாளின் பற்கள் தகட்டின் விளிம்பிலேயே வெட்டப்பட்டவை. பல்லும் உடலும் ஒரே உருக்கு. பல் மழுங்கினால் அரத்தினால் அராவிக் கூராக்கினர். பின்னர் பற்களை வலமும் இடமுமாக மாறிமாறிச் சிறிது வளைத்து, தகடு மரத்திற் சிக்காமற் செல்ல வழிசெய்தனர். ஆயின் ஒவ்வொரு தடவை அராவும்போதும் வாளின் விட்டம் குறைந்தது. மரத்தினுள் மறைந்திருந்த ஆணியொன்றில் மோதி ஒரு பல் முறிந்தால், அதன் மட்டத்திற்கு ஏனைய பற்கள் அனைத்தையும் அராவித் தாழ்த்தவேண்டியிருந்தது. அன்றேல் முறிந்த இடத்தில் வெட்டு விழாது, அடுத்த பல்லின்மீது இருமடங்கு சுமை ஏறும். இவ்வாறு ஒரு பல்லின் குற்றத்திற்கு முழு வாளும் தண்டனை பெற்றது.

இந்நிலையை மாற்றியமைத்தது கலிபோர்னியாவின் மரத்தொழிலாகும். அங்குள்ள பெருமரங்களை அரிவதற்குப் பெருவாள்கள் வேண்டியிருந்தன. அவற்றைச் செய்யும் ஆலைகளோ அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்தன. கண்டங்கடந்த புகையிரதப் பாதை 1869 இலேயே பூர்த்தியாயிற்று என்பதை நினைவிற் கொண்டால், தேய்ந்த வாளுக்குப் பதில்வாள் பெறுவது அக்காலத்தில் எத்துணைச் சிரமம் என்பது விளங்கும். நேதன் ஸ்போல்டிங் என்பவர் கழற்றி மாற்றத்தக்க பற்களைக் கொண்ட வாளொன்றிற்கு 1861 இற் காப்புரிமை பெற்றார். கழற்றத்தக்க பல் என்னும் எண்ணம் முற்றிலும் புதியதன்று. அதற்கு முன்னர் பல் பொருந்தும் குழிகள் கூர்மூலைகளுடன் வெட்டப்பட்டன. வாள் சுழலும்போது அம்மூலைகளிலிருந்து தகட்டில் வெடிப்புத் தோன்றிற்று. ஸ்போல்டிங் குழியின் அடியை வளைவாக வெட்டினார். அதனால் விசை ஓரிடத்திற் குவியாது பரவிற்று. எளிய மாற்றமே, ஆயினும் அதன் பெறுமதியை அக்காலத்தோர் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்கு, இக்காப்புரிமை தொடர்பான வழக்கொன்று அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்றமையே சான்றாகும். பல் தேய்வதற்குரியது, உடல் நிலைப்பதற்குரியது என்னும் பிரிவினை இவ்வாறு உறுதிபெற்றது. பின்னாளில் வல்லுலோகம் வந்தபோது அது புகுந்தமர்ந்த இருக்கை இதுவேயாகும்.

உடல் நிலைப்பதற்குரியது என்று கூறினும் அது தானாக நிலைத்துவிடுவதில்லை. வேகமாகச் சுழலும் வட்டத்தகட்டின் விளிம்பு, சுழற்சியின் விசையாலும் வெட்டும் வெப்பத்தாலும் விரிந்து நெளியும். நெளிந்த வாள் நேராக அரியாது. இதனைத் தடுப்பதற்குத் தகட்டின் நடுப்பகுதியைச் சுத்தியலால் அடித்து முன்கூட்டியே சிறிது விரியச் செய்வர்; ஓடாது நிற்கும்போது சற்றுத் தளர்ந்திருக்கும் தகடு, ஓடும்போது இறுகி நேராகும். எங்கு எத்தனை அடி, எவ்வளவு வன்மையுடன் என்பதை நேர்விளிம்புக் கோலொன்றை வைத்து, அதன்கீழ்த் தெரியும் ஒளிக்கீற்றைப் பார்த்தே அறிவர். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இத்தொழிலாளனுக்கு ‘வாள் மருத்துவன்’ என்னும் பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. பரிகாசமாகத் தோன்றினும் இப்பெயர் பொருத்தமானதே. நோயாளியைத் தட்டிப்பார்த்து நோயறிவது போன்றதுதான் அவனது முறையும்.

வல்லுலோகத்தின் பிறப்பிற்கும் மரத்திற்கும் தொடர்பேதுமில்லை. பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஹென்றி முவாசான் 1890களில் தமது மின்னுலையிற் செயற்கை வைரம் ஆக்க முயன்றபோது தங்குதன் காபைட்டையும் பெற்றார். அது மிகக் கடினமானது. ஆனால் தனித்து நிற்கையில் எளிதில் நொறுங்குவது. எனவே நெடுங்காலம் ஆய்வுகூடப் பொருளாகவே இருந்தது. அதற்குத் தொழிற்பயன் தேடித்தந்தது மின்விளக்காகும். விளக்கினுள் ஒளிரும் தங்குதன் இழையை நூல்போல இழுப்பதற்கு வைரத்திற் துளையிட்ட அச்சுகள் வேண்டப்பட்டன. முதலாம் உலகப்போரும் அதன் பின்விளைவுகளும் ஜேர்மனியில் வைரத்தை அரிதும் விலைமிக்கதுமாக்கின. வைரத்திற்கு மாற்றுத் தேடிய பேர்ளின் ஒஸ்ராம் நிறுவனத்தின் ஆய்வுக்குழுவைச் சேர்ந்த கார்ல் ஷ்ரோற்றர், 1923 இல் தங்குதன் காபைட்டுத் தூளுடன் சிறிதளவு கோபாற்றுத் தூளைக் கலந்து, அச்சில் அழுத்தி, ஏறக்குறைய 1400 பாகை செல்சியசு வெப்பநிலையிற் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். அவ்வெப்பத்திற் கோபாற்று உருகிக் காபைட்டுத் துகள்களிடையே பரவி அவற்றைப் பிணைக்கின்றது, காபைட்டோ உருகுவதில்லை. கடினம் காபைட்டிலிருந்தும் தாங்குந்தன்மை கோபாற்றிலிருந்தும் கிடைத்தன. கோபாற்றுக் கூடினால் முனை உடையாது, ஆனால் விரைவில் தேயும். குறைந்தால் தேயாது, ஆனால் உடையும். இவ்விரண்டிற்கும் இடையில் எங்கு நிற்பது என்பதே அன்றுதொட்டு இத்தொழிலின் தீராத பிரச்சினையாகும்.

உரிமத்தைப் பெற்ற குறுப் நிறுவனம் ‘வைரம் போன்றது’ எனப் பொருள்படும் ஜேர்மன் சொற்களைச் சுருக்கி ‘வீடியா’ என்னும் பெயரில் இப்பொருளை 1927 ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையிற் காட்சிக்கு வைத்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனம் குறுப்புடன் ஓர் உடன்படிக்கை செய்து, காபொலோய் என்னும் துணைநிறுவனத்தின் வாயிலாக அந்நாட்டுச் சந்தையைத் தன்வசமாக்கியது. அதன் விளைவாக, முன்னர் ஓர் இறாத்தல் ஏறக்குறைய 50 டொலருக்கு விற்ற பொருளின் விலை 453 டொலராக உயர்ந்தது. அன்று தங்கத்தின் விலை ஓர் அவுன்சு 20.67 டொலர். இறாத்தற் கணக்கிற் பார்த்தால் தங்கம் ஏறக்குறைய 300 டொலரே. அதாவது, மரத்தையும் இரும்பையும் வெட்டவேண்டிய பொருள் பொன்னிலும் ஒன்றரை மடங்கு விலைபெற்றது. ஜெனரல் இலெக்ரிக், காபொலோய் ஆகியவற்றிற்கு எதிராக 1940 இற் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. போர் காரணமாக வழக்கு ஒத்திவைக்கப்பட்டு, 1948 இல் அவை குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டன. இதற்கிடையில் விலை பலமடங்கு வீழ்ந்திருந்தது. அவ்வீழ்ச்சி வணிகரின் இரக்கத்தால் ஏற்பட்டதன்று.

இவ்விலையின் வரலாறு வாளின் வடிவத்தோடு நெருங்கிய தொடர்புடையது. நொறுங்கும் இயல்புள்ள வல்லுலோகத்தில் முழு வாளைச் செய்வது தொழில்நுட்பத்தாற் பயனற்றது. பொன்னினும் விலைகூடிய காலத்திற் பொருளாதாரத்தாலும் இயலாதது. எனவே சில மில்லிமீற்றர் அளவான சிறு துண்டு மட்டும் உருக்குப் பல்லின் முனையிற் பற்றவைக்கப்பட்டது. முனை தகட்டிலும் சற்று அகலமானதாகையால் பற்களை இருபுறமும் வளைக்கும் பழைய வேலை இல்லாதொழிந்தது. ஆயினும் இவ்வாள் மரத்தொழிலிற் பரவியது இரண்டாம் உலகப்போரின் பின்னரேயாகும். போர்க்காலத்திற் தங்குதனுக்கு வேறு தேவைகள் இருந்தன. ஜேர்மனி அதனைக் கவசந்துளைக்கும் குண்டுகளுக்கும் பயன்படுத்திற்று. போர்த்துக்கலின் தங்குதன் தாதுவுக்காக இருதரப்பினரும் போட்டியிட்டு விலையேற்ற, 1944 யூனில் அந்நாடு ஏற்றுமதியையே நிறுத்தவேண்டியதாயிற்று.

போரின்பின் வந்த மாற்றம் மரத்திலேயே ஏற்பட்டது. மரச்சீவல்களை யூரியா போமல்டிகைட்டுப் பிசினுடன் அழுத்திச் செய்யும் பலகை ஐரோப்பாவிற் பெருகிற்று. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பிரெட் பானி உருவாக்கிய ‘நோவொபன்’ பலகை அவற்றுள் முன்னோடியானது. வெட்டுமரத்தின் பற்றாக்குறையை ஈடுசெய்ய வந்த இப்பலகையின் இறுகிய பிசின், உருக்குப் பற்களை மிகவிரைவில் மழுங்கச் செய்தது. நாளொன்றிற் பலதடவை அராவவேண்டிய வாளை வைத்துக்கொண்டு தளபாடத் தொழிற்சாலை நடத்த இயலாது. வல்லுலோகத்தைத் தச்சுப்பட்டறைக்குள் அழைத்துவந்தது இச்செயற்கைப் பலகையே எனலாம்.

அவ்வாறு வந்த வாளின் பழுதுபார்ப்பு, முந்திய தலைமுறை அறிந்திராத அறிவை வேண்டிநின்றது. முதலிற் சேதம் எத்தகையது என்பதைப் பிரித்தறியவேண்டும். முனை உடைந்திருந்தால் காரணம் ஆணியோ கல்லோவாகலாம்; முனை முழுதாகக் கழன்றிருந்தால் குற்றம் பெரும்பாலும் பற்றாசினுடையது. கழன்ற இடத்தைக் கண்ணாடியால் நோக்கினால், பற்றாசு முனையின்மீது பரவவேயில்லையா, பரவியபின் பிளந்ததா என்பது தெரியும். பல்லின் அடியில் தகடு வெடித்திருக்குமாயின், அதிவேகத்தில் ஓடும் சிறுவாளைக் கழித்துவிடுவதே முறை. 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள வாள் நிமிடத்திற்கு 4000 தடவை சுழலும்போது விளிம்பின் வேகம் செக்கனுக்கு 60 மீற்றருக்கு மேலாகும். அவ்வேகத்திற் கழன்று பறக்கும் துண்டின் எதிரில் நிற்பவன் பெரும்பாலும் பழுதுபார்த்தவனல்லன், வாளை ஓட்டுபவனே. செப்பனிடும் தொழிலின் பொறுப்பு இங்கேயே தொடங்குகின்றது.

அடுத்தது பற்றவைத்தல். வல்லுலோகம் சூடேறும்போது விரியும் அளவு, உருக்கு விரியும் அளவில் ஏறக்குறைய அரைப்பங்கேயாகும். ஏறக்குறைய 700 பாகை வெப்பத்தில் இவ்விரண்டையும் இணைத்துக் குளிரவிட்டால் உருக்கு மிகுதியாகச் சுருங்கும், வல்லுலோகம் சுருங்க மறுக்கும். இடையில் அகப்பட்ட பற்றாசு அவ்விழுவிசையைத் தாங்கவேண்டும். தாங்காதவிடத்து முனை, வெட்டத் தொடங்குமுன்னரே மயிரிழை வெடிப்புடன் நிற்கும். இதற்கெனவே நடுவிற் செம்பும் இருபுறமும் வெள்ளிப் பற்றாசுமாக மூன்றடுக்குத் தகடு வழக்கிற்கு வந்தது. மென்மையான செம்பு வளைந்துகொடுத்து விசையைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். பற்றாசு வல்லுலோகத்தின்மீது பரவுவதற்கு அதில் நிக்கலும் மங்கனீசும் சேர்க்கப்பட்டன. 49 சதவீதம் வெள்ளியுடன் செம்பு, நாகம், மங்கனீசு, நிக்கல் சேர்ந்த கலவை இன்றும் பெருவழக்கிலுள்ளது.

கலவையின் செய்முறையை ஏட்டிற் படிக்கலாம். வெப்பத்தைக் கையாளும் முறையை அவ்வாறு படித்துவிட முடியாது. சுடர் முனையின்மீது நேரே படக்கூடாது; அதன் அடியிலுள்ள உருக்குத் தோளைச் சூடாக்கி, வெப்பம் அங்கிருந்து முனைக்குச் செல்ல விடவேண்டும். பழைய பற்றாசு உருகியதும் உடைந்த துண்டை அகற்றி, இருக்கையைப் பளபளக்கும் உலோகம் தெரியுமட்டும் சுத்தஞ்செய்து, இளக்கி பூசி, அளவொத்த புதுமுனையை வைப்பர். ஏறக்குறைய 600 பாகையில் இளக்கி நீர்போலத் தெளியும். அதுவே பற்றாசு உருகும் வேளை நெருங்கிற்று என்பதன் அறிகுறி. தகடு மங்கிய செந்நிறம் அடையும்போது பற்றாசு மின்னி ஓடும். அக்கணத்தில் முனையைக் கம்பியொன்றால் மெல்ல அசைத்து அடியில் அகப்பட்ட இளக்கிக் குமிழ்களை வெளியேற்றுவர். பின் அசையாது பிடித்து, காற்றில் மெதுவாகக் குளிரவிடுவர். அவசரப்பட்டு நீரில் அமிழ்த்தினால் முனை வெடிக்கும், உருக்குத் தோள் கடினமாகி முறியும். நிறத்தைக் கண்ணால் அளந்து கைச்சுடரால் இணைத்த இம்முறைக்குப் பதிலாகப் பெரிய ஆலைகளில் மின்தூண்டல் வெப்பம் வந்தது. சிறிய பட்டறைகளிற் சுடரே நிலைத்தது.

இணைத்த முனையை அயற்பற்களின் உயரத்திற்கும் சரிவிற்கும் பக்க அகலத்திற்கும் ஒப்பச் சாணைபிடிக்கவேண்டும். வல்லுலோகத்தின்மேல் அரம் வழுக்கும். பச்சைநிறச் சிலிக்கன் காபைட்டுச் சாணைச்சில்லு அதனைத் தேய்க்குமாயினும் செம்மையான விளிம்பு தராது. அதற்கு வைரத்தூள் பதித்த சில்லே உகந்தது. 1930களில் இத்தகைய சில்லுகள் தோன்றின. வைரத்திற்கு மாற்றாகப் பிறந்த பொருள் தன்னைக் கூராக்கிக்கொள்ள வைரத்திடமே திரும்பிச் சென்றமை இவ்வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்றாகும். 1954 இறுதியில் ஜெனரல் இலெக்ரிக் ஆய்வுகூடத்தில் செயற்கை வைரம் உண்டாக்கப்பட்டு, சில ஆண்டுகளிற் சாணைச்சில்லுகளுக்காக விற்பனைக்கு வந்தது. முவாசான் தேடியதும் வணிகம் வேண்டியதும் அங்கு ஒன்றுசேர்ந்தன. அதன்பின்னரே சிறுநகரப் பட்டறையொன்றும் வல்லுலோக வாளைச் செப்பனிடுவது இலாபகரமாயிற்று.

இச்சாணையிலிருந்து பறந்த தூள் எங்கே சென்றது என்பது அடுத்த வினா. வல்லுலோகம் செய்யும் தொழிலாளரின் நுரையீரல்களில் மாற்றங்கள் காணப்படுவதை 1940 இலேயே ஜேர்மன் மருத்துவர் எழுதியிருந்தனர். பிணைக்கும் உலோகமான கோபாற்றின்மீதே சந்தேகம் வலுப்பெற்றது. தங்குதன் காபைட்டே கலவாத, வைரமும் கோபாற்றும் கொண்ட தட்டுகளாற் கற்களை மெருகிட்ட பெல்சிய நாட்டு வைரத்தொழிலாளரிடமும் அத்தகைய நோய் 1980களில் அறியப்பட்டபோது அச்சந்தேகம் மேலும் உறுதிபெற்றது. சாணைபிடிக்கும்போது நீர் பாய்ச்சித் தூசியை அடக்குவது பாதுகாப்பு எனக் கருதப்பட்டது. ஆனால் சுற்றிச்சுற்றி வரும் அக்குளிர்திரவத்திற் கோபாற்றுக் கரைந்து சேர்ந்தது. திரவம் நுண்திவலைகளாகச் சிதறித் தொழிலாளனின் மூச்சிற் கலந்தது. கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்து மரஆலைகளில் வாள் செப்பனிடுவோரைப்பற்றிய ஆய்வொன்று 1995 இல் வெளிவந்தது. வல்லுலோக முனைகளைச் சாணைபிடித்தோரிடம் கோபாற்று வெளிப்பாட்டுடன் நுரையீரலின் கொள்திறன் குறைந்து காணப்பட்டதை அது எடுத்துக்காட்டிற்று. ஷ்ரோற்றரின் காப்புரிமைக்கும் இவ்வாய்விற்கும் இடைப்பட்டது 72 ஆண்டுகள். அவ்வளவு காலமும் வாளின் ஆயுளைக் கணக்கிட்டோர் பலர். செப்பனிடுவோனின் மூச்சைத் தனியாக அளந்தோர் மிகச் சிலரே.

இக்காலத்தில் வாளைச் செப்பனிடுவதா எறிவதா என்பது கணக்கொன்றாக மாறிவிட்டது. மலிவான வாள்களின் முனைகள் மிக மெல்லியவை. ஓரிரு தடவை சாணைபிடித்தாற் தீர்ந்துவிடும். கைச்சாணை பிடித்த இடத்திற் கணினியால் இயங்கும் பொறிகள் பற்களைத் தாமே எண்ணித் தாமே தீட்டுகின்றன. கழற்றப்பட்ட முனைகள் குப்பைக்குச் செல்வதில்லை. உருகிய நாகத்திற் கோபாற்றுப் பிணைப்பைத் தளரச்செய்து, நாகத்தை ஆவியாக்கி நீக்கி, எஞ்சும் தூளை மீண்டும் முனையாக்குகின்றனர். உலகின் தங்குதன் அகழ்வில் மிகப்பெரும் பங்கு சீனாவிடமுள்ளது. 2025 பெப்ரவரியில் அந்நாடு சில தங்குதன் பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்தபின் பழைய முனைகளுக்கு மதிப்பு மேலும் கூடியுள்ளது.

பெரும் ஆலைகளின் கணக்கு அவ்வாறிருக்க, சுடரைக் கையிலேந்திய சிறு பட்டறைக்காரனுக்குப் பிறிதோர் இடர் எஞ்சியுள்ளது. பழைய வெள்ளிப் பற்றாசுகளுள் மிகவும் விரும்பப்பட்டது கதமியம் கலந்ததாகும். 50 சதவீத வெள்ளியுடன் 16 சதவீதம் கதமியம் சேர்ந்த கலவை 690 பாகையில் முற்றாக உருகி எளிதாக ஓடும். கதமியமோ 767 பாகையிற் கொதிக்கும். நிறத்தைக் கண்ணால் மட்டிடுபவனுக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எண்பது பாகைக்குள் நிற்பது எளிதன்று; சுடர் சற்று மிகுந்தாற் கதமியம் ஆவியாகி மூச்சுடன் செல்லும். அன்று மாலையிற் சாதாரண காய்ச்சல்போலத் தோன்றுவது ஓரிரு நாளில் நுரையீரல் அழற்சியாகி உயிரைக் கவர்ந்த நிகழ்ச்சிகள் மருத்துவ நூல்களிற் பதிவாகியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2011 இற் பிறப்பித்த ஒழுங்குவிதி, சில விலக்குகள் நீங்கலாக, பற்றாசுகளிற் கதமியத்தைத் தடைசெய்தது. பிற நாடுகள் பலவற்றில் அது இன்றும் விற்பனையாகின்றது. கதமியம் கலந்த கம்பியும் கலவாத கம்பியும் உறை களைந்தபின் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.